காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை, மலை இறங்கினாலும் நீலப் புகை: ரிங்கா, வால்வு சீலா?

#1 பல்லடம்_பெட்ரோல்

வணக்கமுங்க. வண்டி 2013 மாடல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், 4 சிலிண்டர், 16 வால்வு பெட்ரோல் இன்ஜின், டர்போ கிடையாது. ஓட்டம் 1,12,000 கி.மீ.

ராத்திரி நிறுத்தி வெச்சுட்டு காலையில செல்ஃப் அடிச்சா சைலன்சர்ல குப்புனு நீலப் புகை. அரை நிமிஷத்துல நின்னு போயிருது. பல்லடம் - கோவை ரோட்டுல 80ல போறப்ப கண்ணாடியில ஒண்ணும் தெரியறதில்லை. வால்பாறையில இருந்து ரெண்டாவது கியர்லயே இறங்கி, ஆழியாறு தாண்டி சமதளத்துல மிதிச்சா மறுபடி குப்புனு வருது. 1000 கி.மீ.க்கு கால் லிட்டர் ஆயில் குறையுது. கூலன்ட் குறையலை. பிக்கப் பழைய மாதிரியே இருக்கு.

பட்டறையில, பிஸ்டன் ரிங் போயிருச்சு, இன்ஜின் இறக்கி சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணோணும்கறாங்க. இறக்கறதுக்கு முந்தி என்னென்ன பாத்துக்கோணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கணபதி_லேத்

இறக்கறதை இப்போதைக்கு நிறுத்தி வைங்க. பாதிப் பதில் நீங்க எழுதினதுலயே இருக்கு.

நீலம்னா ஆயில், கறுப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளைன்னா தண்ணி. இது எல்லாருக்கும் தெரியும், ஆனா நிறம் அதோட நின்னுக்கும். ஆயில் எந்த வழியா சிலிண்டருக்குள்ள போகுதுன்னு தெரியோணும்னா புகை எப்ப வருதுன்னு பாக்கோணும்.

ராத்திரி வண்டி நிக்கறப்ப ஹெட்டுக்குள்ள தேங்கின ஆயில் வால்வு தண்டு வழியா மெதுவா கீழ வடியும். சீல் ரப்பர் இறுகிப் போயிருந்தா அதைத் தடுக்காது. காலையில முதல் சில சுத்துல அந்த ஆயில் எரிஞ்சு தீர்ந்திரும், புகையும் நின்னுரும். ரிங் போன வண்டியில இப்படி அரை நிமிஷத்துல சுத்தமா நிக்காது.

மலை இறக்கத்துல நடக்கறது வேற. ஆக்சிலேட்டர்ல காலை எடுத்துட்டு கியர்ல இறங்கறப்ப த்ராட்டில் மூடியிருக்கு, இன்ஜின் 3000ல சுத்துது. மேனிஃபோல்டு (காத்து சிலிண்டருக்குப் போற குழாய்) அழுத்தம் 25 கிலோபாஸ்கல் பக்கம் இறங்கிரும். வால்வு கவருக்குள்ள கிட்டத்தட்ட வெளிக்காத்து அழுத்தம். நடுவுல இருக்கறது இன்டேக் வால்வோட சின்ன ரப்பர் சீல் மட்டும்தான். அது தளர்ந்திருந்தா ஆயில் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். இந்த நேரத்துல ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலையும் நிறுத்தி வெச்சிருக்கறதால உள்ள போற ஆயில் எரியாது. போர்ட்டுலயும் சிலிண்டர்லயும் சைலன்சர்லயும் தேங்கி, நீங்க மிதிச்ச உடனே மொத்தமா எரியும்.

ஒரு எச்சரிக்கை. ஆயில் ரிங் ஒட்டிப் போயிருந்தாலும் இறக்கத்துல ஆயில் மேல வரும். அதனால இறக்கத்துப் புகையை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது. காலைப் புகையும் சேர்ந்து வர்றதால என் கணிப்பு சீல் பக்கம்.

இதோட இன்னும் ரெண்டு பாருங்க. இன்ஜின் நல்லா சூடானப்பறம் அஞ்சு நிமிஷம் ஐடிலிங்ல விட்டுட்டு, ஒரே மிதியா 3500 வரைக்கும் ரேஸ் பண்ணுங்க. முதல்ல ஒரு கொத்துப் புகை வந்து அப்பறம் சுத்தமானா சீல். ரேஸ்ல வெச்சிருக்கற வரைக்கும் புகை நிக்காம வந்தா ரிங். அடுத்தது ஏத்தம். ஆளுங்களை ஏத்திக்கிட்டு மூணாவது கியர்ல மேட்டுல இழுக்கறப்ப பின்னால வர்றவர் நீலத்தைப் பாத்தா அது ரிங் பக்கம். பின்னால ஒரு பைக்ல ஆளை வரச் சொல்லிப் பாருங்க, டிரைவர் கண்ணாடியில இது சரியாத் தெரியாது.

#3 காங்கேயம்_காளை

இதுக்கு இத்தனை எதுக்குங்க? 20டபிள்யூ-50 ஆயில் ஊத்துங்க, புகை அடங்கிரும். பழைய டாக்சிக எல்லாம் அப்படித்தான் ஓடுது.

#4 ஈரோடு_ஸ்பேர்ஸ்

காளை அண்ணா, பழைய டாக்சி இன்ஜினோட ஆயில் வழியும் பேரிங் கிளியரன்ஸும் பெருசு. இவர் வண்டிக்கு கம்பெனி சொல்றது 0டபிள்யூ-20 இல்லேன்னா 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிசு ஆயிலாத்தான் இருக்கும். அதுல 20டபிள்யூ-50 ஊத்தினா காலையில ஹெட்டுக்கு ஆயில் ஏற நேரமாகும். வேரியபிள் வால்வு டைமிங் இருக்கற இன்ஜின்ல அந்த ஆக்சுவேட்டருக்குப் போற சின்ன வழியில அழுத்தம் சரியா வராது, டைமிங் எரர் கோட் விழும், மைலேஜும் இறங்கும். புகை கொஞ்சம் குறையறது நிஜம், கிழிஞ்ச சீல் மட்டும் அப்படியேதான் இருக்கும். மேனுவல்ல 5டபிள்யூ-40ம் அனுமதின்னு இருந்தா அதுக்கு மாறலாம், அதைத் தாண்ட வேண்டாம். டப்பாவுல விக்கற புகை நிறுத்தி மருந்துகளும் பெரும்பாலும் ஆயிலை கெட்டியாக்கறதுதான்.

பல்லடத்துக்காரருக்கு: காசு செலவில்லாத ரெண்டை முதல்ல முடிச்சுக்கோங்க.

ஒண்ணு, ஆயில் அளவு. வண்டியை சமதளத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு கேஜ் குச்சியைப் பாருங்க. மேல் கோட்டைத் தாண்டி இருந்தா அதுவே புகைக்குக் காரணமாகும். கிராங்க் ஆயிலை அடிச்சு நுரையாக்கும், அந்த ஆவி பிசிவி (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்கு விடற வால்வு) வழியா போயி எரியும். சர்வீஸ்ல ஃபில்டர் மாத்தாம மாத்தின அளவுக்கு ஆயில் ஊத்திடறது நிறைய நடக்குது. கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவுல பெரும்பாலும் முக்கால்ல இருந்து ஒரு லிட்டர்தான் வித்தியாசம், அரை லிட்டர் கூடினாலே கேஜ்ல நல்லாத் தெரியும்.

ரெண்டாவது, பிசிவி வால்வு. வால்வு கவர்ல இருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போற ஹோஸ் முனையில இருக்கும். கழட்டிக் குலுக்கினா உள்ள கடகடன்னு சத்தம் வரோணும். இன்ஜின் ஐடிலிங்ல ஓடறப்ப வால்வு முனையை விரலால மூடினா இழுவை தெரியோணும். திறந்தே ஒட்டியிருந்தா மேனிஃபோல்டு நேரா ஆயில் ஆவியை உறிஞ்சும். மூடி அடைச்சிருந்தா கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி, சீல், கேஸ்கெட் எல்லா வழியிலயும் ஆயிலைத் தள்ளும். விலை சில நூறு ரூபாய்தான், சந்தேகம்னாலே மாத்திரலாம்.

அப்படியே ஐடிலிங்ல ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து வாய் மேல தலைகீழா வெச்சுப் பாருங்க. லேசா ஆடினா சரி. எகிறிக் கீழ விழற அளவுக்குக் காத்து தள்ளினா ரிங் வழியா கம்ப்ரஷன் இறங்குது.

#5 பல்லடம்_பெட்ரோல்

ரொம்ப நன்றிங்க. ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரக்கடை கீழ இருக்கு. பிசிவி குலுக்கினா சத்தம் வருது. மூடி ஆடுது, விழலை. கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணச் சொல்லலாம்னு இருக்கேன். எப்படிப் பண்ணினா சரியா இருக்கும்?

#6 கணபதி_லேத்

கம்ப்ரஷன் டெஸ்ட்டுன்னா சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்குதுன்னு பாக்கறது. அரைகுறையாப் பண்ணினா அது பொய் சொல்லும். முறை இதுதான்.

இன்ஜின் ஓடற சூட்டுல இருக்கோணும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு, இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. காயில் கனெக்டர் நாலையும் கழட்டுங்க. பிளக் நாலையும் எடுத்து, எந்த சிலிண்டர்ல இருந்து எடுத்ததோ அந்த வரிசையிலயே வைங்க. ஒரு பிளக்கை மட்டும் எடுத்துட்டு மத்த மூணும் இருக்க கிராங்க் பண்ணினா சுத்து மெதுவாகும், ரீடிங் குறையும். பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கோணும். த்ராட்டில் முழுசாத் திறந்திருக்கோணும். எலெக்ட்ரானிக் த்ராட்டில்னா மிதிச்சா மட்டும் போதாது, பிளேட் நிஜமாத் திறந்துச்சான்னு எட்டிப் பாத்துக்கோங்க. கம்ப்ரஷன் கேஜை பிளக் ஓட்டையில திருகி ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாலஞ்சு நொடி செல்ஃப் அடிங்க. முள் ஏறி நின்ன அளவை மட்டும் எழுதாதீங்க, முதல் அடியில எவ்வளவு ஏறுச்சுங்கறதையும் எழுதுங்க. ரிங் தேஞ்ச சிலிண்டர் முதல் அடியில குறைச்சலா ஏறி அப்பறம் படிப்படியா வரும்.

சின்ன பெட்ரோல் இன்ஜின்கள்ல பொதுவா சதுர சென்டிமீட்டருக்கு 12ல இருந்து 14 கிலோ வரும். 11க்குக் கீழ போனா யோசிக்கோணும். சரியான எண் உங்க வண்டி மேனுவல்லதான் இருக்கு. சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவுக்குள்ள இருக்கோணும். டெஸ்ட்டை ஊட்டியிலயோ வால்பாறையிலயோ பண்ணிட்டு பயப்படாதீங்க. கோவையில 12.5 காட்டற இன்ஜின் ஊட்டியில 10 பக்கம்தான் காட்டும், அங்க காத்தே மெலிசு.

குறைச்சலாக் காட்டற சிலிண்டர்ல பிளக் ஓட்டை வழியா 5 மில்லி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி எடுங்க. 2 கிலோ மாதிரி ஏறினா ரிங்கும் போரும்தான், ஊத்தின ஆயில் இடைவெளியை அடைச்சிருச்சு. ஏறலைன்னா வால்வு உக்காரலை இல்லேன்னா ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) போயிருச்சு.

#7 நொய்யல்கரை

லேத் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் ரிங்கை விடுவித்துவிட முடியாது. கம்ப்ரஷனைத் தாங்குவது மேல் இரண்டு ரிங். ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவது, ஆயில் ரிங். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் அந்த மூன்றாவது ரிங் கரி பிடித்துப் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கேஜ் 13 காட்டும், வண்டியும் ஆயில் குடிக்கும்.

அதைப் பிரித்தறிய போனில் மாட்டும் போரஸ்கோப் கேமரா போதும். பிளக் ஓட்டை வழியாகப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். சுற்று விளிம்பு மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று, ஈரமாக இருந்தால் ஆயில் போர் சுவர் வழியாக ஏறுகிறது. பிறகு த்ராட்டில் பக்கமாக நுழைத்து இன்டேக் வால்வின் முதுகைப் பாருங்கள். போர்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் அந்த இடத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும், அதனால் ஓரளவு சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே தண்டை ஒட்டிக் கறுப்புப் பிசின் திரண்டிருந்தால் ஆயில் மேலிருந்து வடிகிறது என்று அர்த்தம். நான் கம்ப்ரஷன் எண்ணைவிட இந்த இரண்டு படங்களைத்தான் அதிகம் நம்புவேன்.

முடிந்தால் லீக்டவுன் டெஸ்ட்டும் செய்யுங்கள். கோவையில் கம்ப்ரஸர் இல்லாத பட்டறை இல்லை. பிஸ்டனை மேல் நிலையில் நிறுத்தி 100 பிஎஸ்ஐ காற்றை விட்டுக் கசிவைப் பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் கசிந்தால் நல்ல இன்ஜின், 20 வரை ஓட்டலாம், 30ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பதுதான் முக்கியம். ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். வால்வு தண்டு சீலின் பழுது இந்த டெஸ்ட்டில் தெரியாது. அது வால்வுக்கு மேலே இருக்கிறது.

#8 குன்னூர்_ஏத்தம்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணும். எங்க பக்கம் டிசம்பர், ஜனவரியில எல்லா வண்டியிலயும் வெள்ளைப் புகை வருது. எது சாதாரணம், எது ஹெட் கேஸ்கெட்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

#9 நொய்யல்கரை

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். குளிரில் ஆவியாகத் தெரியும், சைலன்சரில் சொட்டும். அந்த ஆவி வண்டிக்கு இரண்டு மூன்று அடி பின்னாலேயே கரைந்துவிடும், வாசம் இருக்காது, சைலன்சர் முழுக்கச் சூடானதும் குறையும். கூலன்ட் எரிந்த புகை கனமாக, தரையோடு இழுத்துக்கொண்டு போகும். இனிப்பு கலந்த நெடி அடிக்கும். இன்ஜின் சூடான பிறகும் நிற்காது.

ஆயில் மூடிக்குள் மோர் மாதிரி வெள்ளை நுரையைப் பார்த்ததும் ஹெட்டைக் கழற்றச் சொல்லுவார்கள். மலையில் தினம் இரண்டு கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் அது வெறும் ஈரம்தான். முழுச் சூட்டில் மேட்டுப்பாளையம் வரை ஒரு முறை போய் வந்தால் மறையும். கேஜ் குச்சியில் இருக்கும் ஆயிலே வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உறுதியான சோதனைகள்: காலையில் குளிர்ந்த நிலையில் கூலன்ட் ரிசர்வ் டேங்கில் ஒரு கோடு போட்டு, தினம் அதே நேரம் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. நீல மருந்து ஊற்றிய பிளாக் டெஸ்டரை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்த்தால் வாயு கலந்திருக்கும்போது மருந்து மஞ்சளாகும். பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் இருந்தால் கசிவு அந்தச் சிலிண்டரில்தான்.

கசிவு சின்னதாக இருந்தால் பிரஷர் டெஸ்டரை மாட்டி மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை பம்ப் செய்து ராத்திரி முழுக்க விடுங்கள். அது பொதுவாக 0.9 அல்லது 1.1 பார். காலையில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் செய்தால் எந்த ஓட்டையில் தண்ணீர் தெறிக்கிறது என்று தெரிந்துவிடும். பிளக்குகளோடு கிராங்க் செய்யாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையும்.

#10 ஈரோடு_ஸ்பேர்ஸ்

மலைக்காரங்க ரேடியேட்டர் மூடியைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிரும். மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சாத்தான் கொதிநிலை மேல ஏறும். மூடியோட ரப்பர் போயி ஏத்தத்துல ஒரு தடவை கொதிச்சா அலுமினிய ஹெட் வளைஞ்சிரும், அப்பறம் கேஸ்கெட் எங்க நிக்கும்?

அதே மாதிரி தண்ணி. பல்லடம், காங்கேயம், அவிநாசி பக்கம் போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும். அதை ரேடியேட்டர்ல ஊத்தினா உள் குழாய்ல ஓடு கட்டும். சிறுவாணித் தண்ணி குடிக்க அமிர்தம், ஆனா ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். கலந்தே வர்ற கூலன்ட் இல்லேன்னா டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி.

ஹெட் இறக்கினா ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வெச்சுப் பாருங்க. 0.05 மி.மீ.க்கு மேல வளைவுன்னா சர்ஃபேஸ் பண்ணோணும். கிராக் டெஸ்ட் பண்ணாம கேஸ்கெட் மட்டும் மாத்தினா ரெண்டாவது தடவை கூலி குடுக்க வேண்டி வரும்.

#11 சோமனூர்_தறி

கறுப்புப் புகைக்கும் யாராச்சும் எழுதுங்க. எங்க பக்கம் ரெண்டு வண்டி. ஒண்ணு பழைய கார்புரேட்டர் 800 சிசி, ஒண்ணு இன்ஜெக்ஷன். ரெண்டுமே கறுப்பாத் தள்ளுது. ஏர் ஃபில்டர் அடைப்புதான்கறாங்க.

#12 நொய்யல்கரை

கார்புரேட்டருக்கு அது சரி. விசைத்தறிப் பக்கம் பஞ்சு படிந்து ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், காற்று குறைந்தாலும் ஜெட் பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ரேஸ் செய்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் சோக் பிளேட் முழுக்கத் திறக்கிறதா, கேபிள் மாட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃப்ளோட் நீடில். ஆஃப் செய்த பிறகும் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் சொட்டினால் நீடில் உட்காரவில்லை. பழைய வண்டியின் ரப்பர் பாகங்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊதிப்போகும், மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். ஊட்டிக்குப் போனால் மட்டும் கறுக்கிறது என்றால் அது பழுதல்ல. மலையில் காற்று மெலிவதை கார்புரேட்டர் அறியாது.

இன்ஜெக்ஷன் வண்டியில் நிலைமை வேறு. உள்ளே போகும் காற்றை அளந்துதான் ஈசியூ பெட்ரோல் விடுகிறது. ஃபில்டர் அடைத்தால் பிக்கப் குறையும், புகை வராது. கறுப்பு வருகிறதென்றால் ஏதோ ஒரு சென்சார் ஈசியூவுக்குத் தப்புக் கணக்குக் கொடுக்கிறது, அல்லது கணக்கில் வராத பெட்ரோல் எங்கிருந்தோ உள்ளே போகிறது.

ஈசியூவின் கணக்கைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கூலன்ட் வெப்பமும் இன்டேக் காற்று வெப்பமும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சாரோ ஒயரோ அறுந்திருக்கிறது. ஈசியூ பனிப்பிரதேசம் என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றும். மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) அந்த நேரத்தில் வெளிக்காற்று அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கோவையில் 96, 97 கிலோபாஸ்கல், ஊட்டியில் 77, 78. ஸ்டார்ட் செய்து சூடான பின் ஐடிலிங்கில் 30 முதல் 40க்குள். அங்கே 55, 60 என்று நின்றால் மேப் ஹோஸ் வெடித்திருக்கும். அழுத்தம் அதிகம் என்று நம்பி ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது.

அடுத்து ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. லாங் டெர்ம் மைனஸ் 20 பக்கம், ஆக்சிஜன் சென்சார் 0.8 வோல்ட்டிலேயே நிற்கிறது, பி0172 எரர் கோட் என்றால் பெட்ரோல் நிஜமாகவே அதிகம். ஈசியூ குறைக்கப் பார்த்தும் முடியவில்லை. இன்ஜெக்டர் ஒழுகல், ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் போகும் குழாய்) அழுத்தம், டேங்க் ஆவியை இன்டேக்குக்கு விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு இந்த மூன்றையும் பாருங்கள். டேங்க்கை வாய் வரை நிரப்பிய உடன் புகையும் தடுமாற்றமும் வந்தால் பர்ஜ் வால்வு திறந்தே நிற்கிறது. அதன் ஹோஸை இடுக்கியால் அழுத்தினால் ஐடிலிங் சீராகும். ரெயில் அழுத்தம் பல வண்டிகளில் 3 பார் பக்கம். ஆஃப் செய்து ஐந்து நிமிடத்தில் பாதியாக இறங்கினால் இன்ஜெக்டரோ பம்ப்பின் ஒருவழி வால்வோ. பிளக்குகளில் ஒன்று மட்டும் கரி படிந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் இன்ஜெக்டர்.

மாறாக, புகை கறுப்பு, ஆனால் ட்ரிம் பிளஸ் 25, சென்சார் 0.1 வோல்ட் என்றால் சென்சாரை ஏதோ ஏமாற்றுகிறது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கும், பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூ கூட்டிக்கொண்டே போகும். ஏதாவது சிலிண்டர் எரியாமல் விட்டு மிஸ்ஸிங் இருந்தாலும் இதே கதைதான்.

கறுப்புப் புகையோடு நாள் கணக்கில் ஓடிய வண்டியில் கேஜ் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் பழுது சரிசெய்ததும் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அந்த ஆயில் போரைக் காப்பாற்றாது.

#13 காங்கேயம்_காளை

ஃபில்டர் பத்தி ஒண்ணு சொல்றனுங்க. தேங்காய் நார் மில்லு, கிரஷர் பக்கம் ஓடற வண்டிக்கு அடைப்பை விட மோசம் ஃபில்டர் சரியா உக்காராததுதான். ஓரம் நசுங்கின ஃபில்டரைப் போட்டு கிளிப் மாட்டுனா, மண்ணுத் தூசி சந்து வழியா நேரா உள்ள போயி ரிங்கையும் போரையும் தேச்சிரும். அந்த வண்டி நீலப் புகைக்கு வந்து நிக்கும். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், த்ராட்டில் பக்கத்துப் பைப்புக்குள்ள வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க. துணியில மண்ணு வந்தா அதுதான் காரணம். காத்தடிச்சு ஃபில்டரைச் சுத்தம் பண்றவங்க உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா அடிங்க, கிட்ட வெச்சு அடிச்சா பேப்பர் கிழிஞ்சிரும்.

#14 பல்லடம்_பெட்ரோல்

டெஸ்ட் முடிஞ்சுதுங்க. கம்ப்ரஷன் 12.6, 12.4, 12.5, 12.2. முதல் அடியிலயே நாலும் ஒரே மாதிரி ஏறுச்சு. லீக்டவுன் எல்லாம் 12 சதவீதத்துக்குள்ள. பிஸ்டன் தலை நாலும் காஞ்ச கரி, விளிம்புல ஈரம் இல்லை. இன்டேக் வால்வு முதுகுல கெட்டியாப் பிசின், 2ம் 3ம் ஜாஸ்தி. ஏத்தத்துல பின்னாடி வந்தவர் புகையே இல்லைங்கறார். அப்ப சீல்தானுங்களா? ஹெட்டை இறக்காம மாத்த முடியுமா?

#15 கணபதி_லேத்

சீல்தான். கீழ் பாகத்தைத் தொட வேண்டாம், போர் பண்ற பேச்சே வேண்டாம்.

ஹெட்டை இறக்காம மாத்தலாம், ஆனா உங்க இன்ஜின் செயின். கேம் ஷாஃப்டை எடுக்கறதுக்கு முந்தி டென்ஷனரை லாக் பண்ணி, ஸ்ப்ராக்கெட்டுலயும் செயின்லயும் பெயின்ட் மார்க் போட்டு, செயினைக் கம்பியில கட்டித் தொங்க விடோணும். சில இன்ஜின்ல முன் கவரைக் கழட்டாம இது முடியாது. அப்படின்னா ஹெட்டையே இறக்கி வால்வு லேப்பிங்கும் (வால்வை சீட்டுல தேச்சு உக்கார வைக்கறது) சேர்த்து முடிக்கறது நல்லது.

வால்வு கீழ விழாம இருக்க, அந்த சிலிண்டர் பிஸ்டனை மேல் நிலைக்குக் கொண்டு வந்து, கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, பிளக் ஓட்டையில அடாப்டர் போட்டு 90, 100 பிஎஸ்ஐ காத்து விடோணும். பிஸ்டன் சரியா உச்சியில இல்லேன்னா காத்து கிராங்க்கைத் திருப்பி விட்டுரும், ஸ்பேனரை கிராங்க் போல்ட்டுல விட்டு வெச்சிருக்காதீங்க. கம்ப்ரஸர் இல்லாத இடத்துல நைலான் கயித்தை பிளக் ஓட்டை வழியா உள்ள விட்டு, முனையை வெளிய வெச்சுக்கிட்டு, கையால கிராங்க்கைத் திருப்பினா கயிறு வால்வை அண்டக் குடுத்துப் பிடிச்சுக்கும்.

ஹெட்ல இருக்கற ஆயில் இறங்கற ஓட்டை எல்லாத்தையும் துணியால அடைச்சிருங்க. வால்வு லாக் ஒண்ணு உள்ள விழுந்தா சம்ப் இறக்க வேண்டி வரும். ஸ்பிரிங்கை அழுத்தறதுக்கு முந்தி ரிடெய்னர் மேல சாக்கெட் வெச்சு பிளாஸ்டிக் சுத்தியல்ல ஒரு தட்டு தட்டினா லாக் இளகும்.

ஸ்பிரிங் எடுத்ததும் புது சீலைப் போட்டுராதீங்க. தண்டைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, டயல் கேஜ் வெச்சா இன்னும் நல்லது. கைடு (வால்வு தண்டு ஓடற குழாய்) இடைவெளி இன்டேக்ல 0.07, எக்ஸாஸ்ட்ல 0.09 மி.மீ. தாண்டினா கைடு தேஞ்சிருக்கு. அதுல புது சீல் போட்டா தண்டு ஆடி ஆடி சீல் வாயை அகட்டிரும், சீக்கிரமே மறுபடி புகை. அப்ப ஹெட் கட்டாயம் இறங்கோணும், கைடு மாத்தி சீட் கட்டிங் பண்ணோணும்.

கைடு நல்லா இருந்தா, தண்டு நுனியில லாக் பள்ளத்தை மூடற பிளாஸ்டிக் தொப்பி போட்டு, ஆயில் தடவி சீலை இறக்குங்க. அந்தப் பள்ளத்தோட விளிம்பு பிளேடு மாதிரி, தொப்பி இல்லாம இறக்கினா புது சீலோட உதடு அங்கயே கிழிஞ்சிரும். சீல் டிரைவர்ல நேரா அழுத்தி அடி வரைக்கும் உக்கார வைங்க, உதட்டு மேல தட்டக் கூடாது.

#16 ஈரோடு_ஸ்பேர்ஸ்

வாங்கறப்ப: சீல் 16, வால்வு கவர் கேஸ்கெட், பிளக் குழி சீல் ரிங் 4, பிசிவி. இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் சீல் வேற வேற கலர்ல வரும், மாத்திப் போட்டுராதீங்க. கறுப்பு நைட்ரைல் ரப்பர் மலிவாக் கிடைக்கும், சூட்டுல சீக்கிரம் இறுகிரும். விட்டான் ரப்பர்தான் கேட்டு வாங்கோணும். பழைய சீலைக் கழட்டினதும் தண்டுல மாட்டிப் பாருங்க. தன் எடையிலயே வழுக்கி இறங்கினா நோய் அதுதான்னு உறுதி.

#17 பல்லடம்_பெட்ரோல்

சரிங்க. முடிச்சதும் புகை உடனே நின்னுருமுங்களா? புகைச் சான்றிதழும் எடுக்கோணும்.

#18 நொய்யல்கரை

உடனே நிற்காது. சைலன்சரிலும் போர்ட்டிலும் ஊறியிருக்கும் ஆயில் எரிந்து தீர முப்பது, நாற்பது கி.மீ. நல்ல ஓட்டம் வேண்டும். அவிநாசி பைபாஸில் நிதானமாக ஓட்டிவிட்டு வாருங்கள். அதன் பிறகு 1000 கி.மீ.க்கு ஆயில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தால்தான் வேலை சரியா என்று சொல்ல முடியும்.

சான்றிதழுக்குப் பெட்ரோல் வண்டியில் புகை அடர்த்தியை அளப்பதில்லை, அது டீசலுக்கு. இங்கே முக்கியமாக ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான். பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் மாசு விதி) வண்டிக்கு 0.5 சதவீதமும் 750 பிபிஎம்மும், பிஎஸ்-4க்கு 0.3ம் 200ம் வரம்பு. அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். மோனாக்சைடு அதிகம் என்றால் பெட்ரோல் கலவை அதிகம். மோனாக்சைடு சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் மிஸ்ஸிங் அல்லது ஆயில். இரண்டும் லேசாக அதிகமாகவே நின்றால் ஆயில் எரிந்து எரிந்து கேட்டலிடிக் கன்வர்ட்டர் பூசிப்போயிருக்க வாய்ப்பு உண்டு. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அதை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும். நீலப் புகையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். சீலின் விலையும் கன்வர்ட்டரின் விலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல.

#19 கணபதி_லேத்

கடைசியா வால்வு கவர் மாட்டறப்ப ஒண்ணு. அந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு 8ல இருந்து 10 நியூட்டன் மீட்டர்தான், நடுவுல இருந்து வெளிப்பக்கமா ரெண்டு சுத்தா முறுக்கச் சொல்லுங்க. ஆயில் கசியக் கூடாதுன்னு ராட்செட்ல இழுத்து முறுக்கினா அலுமினியத்துல மரை போயிரும், கவரும் வளைஞ்சு அதே இடத்துல கசியும்.